முதல் தேசிக்காய்

பிரான்ஸ் தமிழ்ச் சிறுவர் மரக்கார் ஓட்டச் சம்மேளனத்தின் ஆண்டு விழாவில் ஓட்டம் என்று ஒன்றும் நடப்பதுண்டு. சரிந்த பலகையின் உச்சியில் விட்ட கார் அடிக்கு வந்து சேர, ஒருவர் தும்மி மூக்கைத் துடைக்கும் நேரம் போதும். மற்ற நேரமெல்லாம் உரை. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, சிறப்புரை ஆற்றியவரைப் பாராட்டி ஓர் உரை, பாராட்டியவருக்குப் பொன்னாடை, போர்த்தியவருக்கு நன்றியுரை. பிள்ளைகள் காரை மடியில் வைத்தபடி தூங்கி விழுவார்கள். அவர்களைத் தட்டி எழுப்பிக் கைதட்ட வைப்பதற்கென்று ஓர் உபகுழு இருந்தது. அந்த உபகுழுவின் தலைவருக்கும் பொன்னாடை உண்டு.

மரக்கார் என்பது, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த யாரோ கொண்டுவந்து விட்டுப்போன வழக்கம். ஒரு பெட்டிக்குள் பைன் மரக்கட்டை ஒன்று, பிளாஸ்டிக் சில்லு நாலு, அச்சுக்குப் பதிலாக ஆணி நாலு. பிள்ளை தாயோடோ தகப்பனோடோ சேர்ந்து கட்டையைச் செதுக்கி, சில்லுக்குள் ஆணியைக் கோத்து அடித்துக் காராக்க வேண்டும். மோட்டார் கிடையாது. சரிவில் விட்டால் தன் பாரத்தில் தானே உருளும். ஆகவே வெற்றி தோல்வி எல்லாம் சில்லும் அச்சும் ஒன்றில் ஒன்று உரசாமல் சுற்றுவதில்தான் இருக்கிறது. இதில் சம்மேளனத்துக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சில்லைச் சில்லு என்பதா, சக்கரம் என்பதா என்பதில்தான் இருந்தது. சக்கரக்காரர் பிரிந்துபோய், பாரிசின் லா சப்பலில் அடுத்த தெருவில், அதே நாளில், அதே மாதிரி ஒரு விழா நடத்துகிறார்கள்.

யோகராசா இதற்குள் வந்து மாட்டியது சகலனால். யோகராசாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் இல்லை. துரைராஜுக்கு இல்லாத ஏதாவது ஒன்று தனக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். துரைராஜ், யோகராசாவின் மனைவி நிரஞ்சலாவின் அக்காவைக் கட்டியவர். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் பாரிசுக்கு வந்தார்கள். துரைராஜ் ரூ பஜோல் தெருவுக்குக் கிட்ட கைபேசிக் கடை போட்டார். யோகராசா லா கூர்னெவில் பழம் இறக்கும் கிடங்கில் பெட்டி அடுக்கினார். துரைராஜ் தோட்டத்தோடு வீடு வாங்கினார். யோகராசா பியர்ஃபித்தில் லிப்ட் அடிக்கடி நின்றுபோகும் கட்டடத்தில் இருந்தார். இதையெல்லாம்கூட அவர் ஒருவாறு பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது கடைக் கண்ணாடிக்குள் மாட்டியிருந்த படத்தைத்தான். அதில் துரைராஜின் மகன் கிருத்திக் மரக்காரோடு நிற்பான். பக்கத்தில் துரைராஜ் பொன்னாடையும் வெற்றிக்கிண்ணமுமாக நிற்பார். வருடாவருடம் புதுப்படம் வரும். அதைப் பார்க்கக்கூடாதென்று யோகராசா எதிர்ப்பக்க நடைபாதையால் போவார். எதிர்ப்பக்கத்திலிருந்து படம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் முதல் தேசிக்காய். ஓட்டத்துக்கு முன் எல்லாக் கார்களையும் மேசையில் வரிசையாக வைத்து, புது வாகனத்துக்குச் செய்வதுபோல் செய்வார்கள். சந்தனம், குங்குமம், பன்னீர். கடைசியில் சில்லுக்கு முன்னால் தேசிக்காய் வைத்துக் காரை ஏற்றி நசிக்க வேண்டும். ஆனால் தேசிக்காய் காரைவிடச் சற்றுத்தான் சின்னது. எப்படித் தள்ளினாலும் ஏறாது. ஆகவே தலைவர் அம்புறோஸ் தேசிக்காயைப் பாதியாக வெட்டித் தன் கையாலேயே சில்லுகளின் மேல் பிழிந்துவிடுவார். இதில் முதல் தேசிக்காய் யாருடைய காருக்கு என்பதுதான் மரியாதை. வருடாவருடம் அது கிருத்திக்கின் காருக்கு. வருடாவருடம் வெல்வதும் கிருத்திக்கின் கார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யோகராசா முடிவு கட்டியிருந்தார்.

“துரைராஜ் அத்தான்ரை கார் பொலித்தீன் சுத்தினபடியெல்லே மேசைக்கு வரும்” என்றாள் நிரஞ்சலா. “சோபாவுக்கே இன்னும் பொலித்தீன் கழட்டாத மனுசன். அதிலை இருந்தால் சறுக்கிக்கொண்டு போகுது.”

“அது பெருமை காட்டுறது” என்றார் யோகராசா. “என்ரை சாமான் புதுச் சாமான் எண்டு ஊருக்குக் காட்டுறது. வேறை என்ன?”

இந்த வருடம் மகள் அக்‌ஷராவுக்கு ஒன்பது வயது. பெட்டியை அவளே கேட்டு வாங்கி வந்தாள். அவளுக்குப் பெரியப்பா மேல் ஒரு கோபமும் இல்லை. ஒரு கட்டை கீழே உருளும் என்பதே அவளுக்குப் போதுமான சந்தோசமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய துணி விரித்து, தகப்பனும் மகளும் வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் வேலை ஆணி. புது ஆணியின் தலைக்குக் கீழே சின்னப் பிசிறு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தெரியும். அதுதான் சில்லைப் பிடிக்கிறது என்று அக்‌ஷரா எங்கோ வீடியோவில் பார்த்து வைத்திருந்தாள். யோகராசா ஆணியைத் துளைபோடும் மெசினில் பூட்டிச் சுழலவிட்டார். அவள் முதலில் சின்ன அரத்தைப் பிடித்தாள், பிறகு நனைத்த மண்கடதாசியைப் பிடித்தாள், கடைசியில் துணியில் பற்பசை தடவித் தேய்த்தாள். ஆணி கண்ணாடிபோல் மினுங்கியது. சில்லின் ஓரத்தில் பிளாஸ்டிக் வார்த்தபோது விழுந்த கோடு ஒன்று இருந்தது, அதையும் சுரண்டி எடுத்தார்கள். பென்சில் கரியைத் தூளாக்கிச் சில்லின் துளைக்குள் ஊதினார்கள். முன் சில்லு ஒன்றை மயிரிழை உயர்த்தி அடித்தால் மூன்று சில்லுதான் தரையில் உரசும் என்பதும் அவள் சொன்னதுதான். எல்லாம் முடிந்து அவள் விரலால் ஒரு சில்லைச் சுண்டிவிட்டாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. யோகராசா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

“துரைராஜ் அண்ணையின்ரை சில்லு இவ்வளவு நேரம் சுத்துமோ?” என்றார்.

“எனக்குத் தெரியாது” என்றாள் அக்‌ஷரா. “இது வடிவாச் சுத்துது அப்பா.”

அது போதாது என்று யோகராசாவுக்குப் பட்டது. சில்லு மட்டும் சுற்றி என்ன பிரயோசனம், முதல் தேசிக்காய் துரைராஜுக்குப் போனால்?

அடுத்த சனிக்கிழமை சில்லு, அச்சுத் தொழில்நுட்ப உபகுழுவின் பரிசோதனை. உபகுழுத் தலைவர் செசில் ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நகைக்கடையில் பாவிப்பது. அதை அவர் மனிதர்களைப் பார்க்கும்போதும் கழற்றுவதில்லை. தொடங்குமுன் பெற்றோருக்குச் சில வார்த்தைகள் சொன்னார்.

“சில்லு எண்டது வட்டம். வட்டம் எண்டது ஒற்றுமை. ஒற்றுமையை வலியுறுத்தித்தான் நாங்கள் சக்கரக்காரரைப் பிரிஞ்சு போக விட்டனாங்கள். அச்சிலை எண்ணெய் கூடாது, கிறீஸ் கூடாது, தண்ணி கூடாது. ஈரம் கண்டால் கார் விலக்கப்படும். போன வருசம் ஒரு பிள்ளை சந்தோசத்திலை அழுது, கண்ணீர் அச்சிலை விழுந்தது. விலக்கினனாங்கள். பிறகு அந்தப் பிள்ளை கவலையிலை அழுதது. அது எங்கடை உபகுழுவுக்குள்ளை வராது.”

எல்லோரும் கைதட்டினார்கள். அக்‌ஷராவின் சில்லுகளைச் செசில் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். அவை நிற்காமல் சுற்றியதால் அவருக்கு அடுத்த காரைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் கையால் பிடித்து நிறுத்திப் பச்சைப் பொட்டு ஒட்டினார்.

யோகராசா அங்கிருந்து நேரே தலைவர் அம்புறோசிடம் போனார். சம்மேளனத்தில் தேசிக்காய்ப் பொறுப்பாளர் என்று ஒருவர் இல்லாதது பெரிய குறை என்றார். தான் பழக்கிடங்கில் நிற்பதால் நல்ல தேசிக்காய் தெரிவு செய்ய முடியும் என்றார். அம்புறோசுக்குப் புதுப் பதவி என்றால் பிடிக்கும். புதுப் பதவிக்குப் பதவியேற்பு வைக்கலாம், பதவியேற்பில் உரை ஆற்றலாம்.

“வரிசை வைக்கிறதும் பொறுப்பாளற்றை வேலைதானே அண்ணை?” என்று யோகராசா மெல்லக் கேட்டார்.

“ஓம், ஓம். தேசிக்காய் ஆரிட்டையோ, வரிசையும் அவரிட்டை” என்றார் அம்புறோஸ்.

யோகராசா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் யோகராசா இல்லை. பொலித்தீன் சுற்றிய கார்களை மேசையில் அனுமதிப்பது ஆசீர்வாதத்துக்கு அவமரியாதை என்று ஒரு யோசனையையும் போட்டார். துரைராஜின் பெருமையை உரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். நிர்வாகசபை கூடியது. அம்புறோஸ் எழுந்து நின்றார்.

“இது லாயிசிதே உள்ள நாடு. அரசாங்கம் மதத்தையும் தன்னையும் வேறை வேறையா வைச்சிருக்குது. நாங்கள் இந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கிறவை. ஒரு மதத்துக்கும் பக்கம் சாயக்கூடாது. ஆனபடியால் இந்த வருசம் ஒரு மதத்தையும் விடாமல் எல்லா மதத்தாலையும் ஆசீர்வதிக்கப்போறம். சந்தனமும் இருக்கும், கோயில் தீர்த்தமும் இருக்கும், லூர்து மாதா தண்ணியும் இருக்கும், அத்தரும் இருக்கும். தம்பி யோகராசா சொன்னது மெத்தச் சரி. இவ்வளவையும் பொலித்தீனுக்கு மேலை ஊத்தி என்ன பிரயோசனம்? ஆசீர்வாதம் உள்ளுக்கு இறங்க வேணும். அச்சு வரைக்கும் இறங்க வேணும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. துரைராஜும் கையை உயர்த்தினார். அவருடைய முகம் சற்று வாடியதைக் கண்டு யோகராசாவுக்கு இரண்டு நாள் நல்ல நித்திரை வந்தது.

விழா நாளன்று ரூ பஜோல் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. மண்டபம் நகரசபையினுடையது. அதைத் திறந்து பூட்டுபவர் லூடோவிக் என்ற பிரெஞ்சுக்காரர். சாவிக்கொத்தோடு சுவரோரம் நின்று, ஏழு மணிக்குப் பூட்ட வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் பணிவாக நினைவூட்டினார். அவர்களும் பணிவாகத் தலையாட்டிவிட்டு உரைகளைத் தொடங்கினார்கள்.

யோகராசா தேசிக்காய்களைக் கிடங்கில் ஒரு கிழமையாகத் தேடி எடுத்திருந்தார். அக்‌ஷராவின் காருக்கு எடுத்தது மெல்லிய தோலும் கை நிறைந்த பாரமும் உள்ள காய். தொட்டாலே சாறு வரும். துரைராஜுக்கென்று எடுத்தது, பெட்டியின் அடியில் கிடந்து கல்லாகக் காய்ந்தது. வரிசையில் மகளின் காரை முதலாவதாக வைத்தார். கிருத்திக்கின் காரைக் கடைசியில், மின்விசிறிக்குக் கிட்ட வைத்தார். பொலித்தீன் இல்லாமல் அந்தக் கார் குளித்துவிட்டுத் துவாய் கிடைக்காமல் நிற்பவர்போல நின்றது.

“அப்பா” என்று அக்‌ஷரா அவருடைய சேட் நுனியைப் பிடித்து இழுத்தாள். “சந்தனம் அச்சுக்குள்ளை போகும்.”

“போகாது. அப்பா பார்த்துக்கொள்ளுறன்.”

அம்புறோஸ் வந்தார். முதல் கார் என்பதால் கையில் தாராளம் இருந்தது. மூன்று விரலால் சந்தனம் அள்ளி ஒவ்வொரு சில்லிலும் அப்பினார். அதன் மேல் குங்குமம் வைத்தார். பன்னீர் தெளித்தார். தீர்த்தம் ஊற்றினார். லூர்து மாதா தண்ணீர்ப் போத்தலின் மூடி இறுகியிருந்தது. திறந்தபோது பாதி ஒரேயடியாகக் கொட்டியது. அத்தர் பூசினார். பிறகு தேசிக்காயை வெட்டினார். சாறு அவருடைய முழங்கை வரை வழிந்தது. நாலு சில்லும் நனைய நனையப் பிழிந்தார். கூட்டம் கைதட்டியது. முதல் தேசிக்காய் இந்தமுறை யோகராசாவின் வீட்டுக்கு. அவர் துரைராஜைத் தேடிப் பார்த்தார். துரைராஜ் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அந்தக் கணத்தில் யோகராசாவுக்கு லிப்ட் நின்றுபோவதும் தோட்டம் இல்லாததும் ஒரு குறையாகவே தெரியவில்லை.

அக்‌ஷரா செசிலிடம் போனாள். “மாமா, அச்சிலை ஈரம் பட்டால் விலக்குவம் எண்டு சொன்னனீங்கள்.”

செசில் பூதக்கண்ணாடியோடு குனிந்து அவளைப் பார்த்தார். “பிள்ளை, அது ஈரத்தைப் பற்றின விதி. இது ஆசீர்வாதம். ஆசீர்வாதம் ஈரத்துக்குள்ளை அடங்காது.”

கார் காராகப் போகப் போகத் தலைவரின் கை சோர்ந்தது. சந்தனம் பொட்டாகி, பொட்டு புள்ளியானது. கிருத்திக்கின் காருக்கு வந்தபோது கிண்ணம் காலி, போத்தல்கள் காலி. காய்ந்த தேசிக்காயை அம்புறோஸ் இரண்டு கையாலும் நெரித்துப் பார்த்தார். ஒரு துளி வரவில்லை. “மனதார ஆசீர்வதிக்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு உரைகள். உரைகள் முடிவதற்குள் சந்தனம் நன்றாகக் காய்ந்து இறுகியது.

கார்கள் இரண்டிரண்டாக ஓட வேண்டும். முதலில் அக்‌ஷராவும் கிருத்திக்கும். கார்களைப் பிடித்து நிற்கும் தடுப்புக் கட்டையைச் செசில் இறக்கினார். கிருத்திக்கின் கார் சர்ரென்று இறங்கி அடிக்குப் போய்விட்டது. அக்‌ஷராவின் கார் உச்சியில் நின்றது. பூவும் பொட்டுமாக, இருந்த இடத்திலேயே நின்றது. யாரோ பலகையைத் தட்டினார்கள். அசையவில்லை. செசில் விரலால் தள்ளினார். அரை சாண் நகர்ந்து, சரிவிலேயே சறுக்காமல் உறுதியாக மறுபடி நின்றது.

அக்‌ஷரா போய்க் காரைக் கையில் எடுத்து, விரலால் சில்லைச் சுண்டிப் பார்த்தாள். சுற்றவில்லை. அவள் அழவில்லை. தகப்பனைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். யோகராசா மேடைப்பக்கம் பார்த்தார்.

மிச்சக் கார்கள் இடறி இடறி ஓடின. எல்லாவற்றையும் கிருத்திக்கின் கார் வென்றது. யோகராசாவுக்கு வயிறு எரிந்தது. சாறுள்ள காயைத் தனக்கும் காய்ந்த காயைத் துரைராஜுக்கும் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தது தன் கைதான் என்பதால் இன்னும் கூடுதலாக எரிந்தது.

ஆனால் நிர்வாகசபைக்கு அதைவிடப் பெரிய தலையிடி வந்திருந்தது. முதல் மரியாதை பெற்ற கார் ஓடவே இல்லை. இதைச் சக்கரக்காரர் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள்? மூலையில் கூடிக் குசுகுசுத்துவிட்டு அம்புறோஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பான பெற்றோரே, ஓடுறது பெரிய விசயமில்லை. சரிவிலை விட்டால் எதுவும் ஓடும். தோடம்பழமும் ஓடும். ஆனால் அவ்வளவு சரிவிலையும், எல்லாரும் தட்டியும் தள்ளியும், அந்தக் கார் நிண்ட இடத்தை விட்டு அசைஞ்சதோ? இந்தச் சம்மேளனமும் தொடங்கின இடத்தை விட்டு இண்டுவரைக்கும் அசையேல்லை. அந்த உறுதிக்குத்தான் இந்த வருசத்திலையிருந்து நிதானப் பரிசு எண்டு ஒண்டை அறிமுகப்படுத்துறம்.”

நிதானப் பரிசுக்கென்று எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஆகவே அடுத்த வருடத் தலைவருக்கென்று ஒளித்து வைத்திருந்த பெரிய கிண்ணத்தை எடுத்தார்கள். அது கிருத்திக்குக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு உயரம். காருக்குரியவர் பிள்ளையா தகப்பனா என்று யாரும் கேட்கவில்லை. யோகராசாவின் தோளில் பொன்னாடை விழுந்தது.

துரைராஜ் கிட்ட வந்தார். “தம்பி, அந்தக் கப்பை ஒருக்காத் தாரும், பாரம் பாப்பம்” என்றார். வாங்கித் தூக்கிப் பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய மகனின் கிண்ணத்தைப் பார்த்தார். அந்த முகத்தை யோகராசாவுக்கு நன்றாகத் தெரியும். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தினமும் காண்கிற முகம் அது. கடைசியில் அது துரைராஜுக்கும் வந்துவிட்டது. யோகராசாவின் நெஞ்சு குளிர்ந்தது.

படம் எடுக்க எல்லோரும் மேடையில் ஏறினார்கள். நடுவில் நிற்பது யார் என்பதில் தலைவருக்கும் செசிலுக்கும் தகராறு. துரைராஜ் இரண்டாவது வரிசையில் நிற்க மாட்டேன் என்றார். அவருக்கு முதல் வரிசையில் இடம் விட்டால் தான் இறங்கிவிடுவேன் என்றார் யோகராசா. எல்லோரும் இடம் மாறி, பொன்னாடை சரிசெய்து, மறுபடி இடம் மாறினார்கள். மேடையின் ஓரத் திரைக்கு அப்பால், ஓட்டப் பலகை இருந்த பக்கம், பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒரு தரம் பெரிதாகக் கூவினார்கள். யோகராசா கழுத்தைத் திருப்பினார்.

“அண்ணை, திரும்பாதேங்கோ. நேரை பாருங்கோ” என்றார் படம் எடுப்பவர். “உங்கடை கப் வெட்டுப்படுது.”

யோகராசா நேரே பார்த்தார். சிரிக்கச் சொன்னபோது சிரித்தார். திரைக்கு அப்பால் இன்னொரு தரம் கூவினார்கள். அவர் அசையவில்லை. நிதானப் பரிசு பெற்றவர் அல்லவா.

இறங்கி வந்தபோது ஏழு மணி கடந்திருந்தது. லூடோவிக் கதவைப் பூட்டாமல் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யோகராசாவைக் கண்டதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் மகள் கெட்டிக்காரி, மெசியே, என்று பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார். அவளும் அந்தப் பெரியப்பாவின் பொடியனும் சில்லுகளைக் கழற்றிக் கழுவறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள், ஆணியையும் கழுவினார்கள், கை காயவைக்கும் மெசினுக்கு அடியில் பிடித்துக் காயவைத்தார்கள், என்னிடம் பென்சில் கேட்டு அதன் கரியைத் தூளாக்கி உள்ளே ஊதினாள், தடுப்புக் கட்டையை இறக்க என்னைத்தான் கூப்பிட்டாள் என்றார். மூன்று தரம் ஓடினார்கள். மூன்று தரமும் அவளுடைய கார்தான். நான் இப்படி ஒரு ஓட்டம் பார்த்ததில்லை என்று, கையைச் சரிவாகப் பிடித்து ஓட்டியே காட்டினார்.

வீடு திரும்பும் ரெயிலில் கிண்ணம் யோகராசாவின் மடியில் இருந்தது. நிரஞ்சலா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்‌ஷரா காரைத் தலைகீழாகப் பிடித்துச் சில்லைச் சுண்டிவிட்டபடி வந்தாள்.

“பார்த்தனீங்களோ அப்பா?” என்றாள்.

“ஓம், பார்த்தனான்.”

அக்‌ஷரா கோபிக்கவில்லை. “இல்லை. நீங்கள் அங்காலை பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்” என்றாள். “பரவாயில்லை. லூடோவிக் பார்த்தவர்.”

யோகராசா கிண்ணத்தைக் காலடியில் இறக்கி வைத்தார். பழக்க தோசத்தில் துரைராஜை நினைத்துப் பார்த்தார். வயிற்றில் ஒன்றும் எரியவில்லை. துரைராஜும் அவரோடு மேடையில்தான் நின்றார், அவரும் நேரேதான் பார்த்துச் சிரித்தார். பிறகு லூடோவிக்கை நினைத்தார். சாவிக்கொத்தோடு பூட்ட வந்து நின்ற மனிதர். அவருக்குப் பொன்னாடை இல்லை, கிண்ணம் இல்லை, படத்திலும் அவர் இல்லை. அக்‌ஷராவின் கார் முன்னால் வந்ததை அந்த ஆள் மூன்று தரம் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். எரிச்சல் அடிவயிற்றில் தொடங்கி நெஞ்சு வரை ஏறியது. பியர்ஃபித்தில் இறங்கி, நின்றுபோன லிப்டைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதும் அது அடங்கவில்லை.